மிட்டாய்க்கு எதற்குத் தண்ணீர்?

பிரேக்கு அந்த மிட்டாயை வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்த பிறகுதான், அது சாட்சிப் பொருள் என்பது அவனுக்கு உறைத்தது.

பழக்க தோஷம். பிரேக்கு என்கிற அந்த ஆசாமி பல வருஷம் டிரைவிங் ஸ்கூலில் குப்பை கொட்டியவன். கற்றுக்கொள்ள வந்தவர்கள் சுவரைக் குறிவைத்துப் போகும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து உயிர் பிழைத்தவன். படபடப்பு அடங்க எப்போதும் எதையாவது குதப்பிக்கொண்டிருப்பான். டப்பா திறந்திருந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாய் மிட்டாய் இருந்தது, கை தானாகப் போய்விட்டது.

“மேடம்,” என்றான் ஈனஸ்வரத்தில். “ஒண்ணு உள்ள போயிடுச்சு.”

ஊசி மேடம் டப்பாவைப் பார்த்தார். அவன் கன்னத்தின் புடைப்பைப் பார்த்தார். ஒல்லி உடம்பு, கூர்மையான மூக்கு, ஒரு விஷயத்துக்குள் நுழைந்தால் மறுபக்கம் வந்துதான் நிற்பார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டியவர்களையெல்லாம் அலற வைத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

“எப்படி இருக்கு?”

“மிட்டாய் மாதிரிதான் இருக்கு. விஷமும் முதல்ல அப்படித்தான் இருக்குமாம்.”

“துப்பாத, முழுசா சாப்பிடு. சாயங்காலம் வரைக்கும் நீ நடமாடிட்டிருந்தா அது மிட்டாய்.”

“இல்லேன்னா?”

“விஷம்னு எழுதிக்கறேன்.”

மேடம் ஏற்கனவே ஒன்றை உடைத்து முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்தும் பார்த்துவிட்டார். அதை அவனிடம் சொல்லவில்லை. சிரிப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் அவருக்கு அப்படி ஒரு அற்ப சந்தோஷம்.

இடம், ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கும் நீளமான தாழ்வாரம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டெட்டால் வாடை, யாரும் பார்க்காத ஒரு டிவி. கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் மீன் மார்க்கெட்டின் தலைமை ஏலக்காரர். ஒரு மீன் முள் விரலில் குத்தியது. விரல் வீங்கியது, கை வீங்கியது, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இப்போது அவருடைய ரத்த அழுத்தம் பாதாளத்தில் கிடக்கிறது. எந்த மருந்துக்கும் மேலே ஏறி வருகிற வழியாகக் காணோம்.

டப்பா அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதை மேடத்திடம் கொண்டுவந்து கொடுத்தவள் அவருடைய ஒரே மகள். மேடத்தைக் கூப்பிட்டவளும் அவள்தான். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றவன் அவள் புருஷன். மாமனாருக்குக் கீழே ஏலம் கூவிப் பழகுகிறவன். மாமனார் படுத்ததிலிருந்து ஏல மணி இவன் கையில்தான்.

அதுதான் பிரச்சினை.

“மணி கைக்கு வரணும்னு என் அண்ணனுக்கு எதையோ குடுத்துட்டான்,” என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார் ஏலக்காரரின் தம்பி. “முள்ளு குத்தி எவனாவது சாவானா? மார்க்கெட்ல குத்தாத விரலே கிடையாது. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாரு.”

“சித்தப்பா, கொஞ்சம் மெதுவா…” என்றாள் மகள்.

“நீ சும்மா இரும்மா. உன் தாலிய நெனச்சு நீ பேசறே. நான் என் ரத்தத்த நெனச்சுப் பேசறேன்.”

மாப்பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. நிரபராதி என்றால் நாலு வார்த்தை கத்த வேண்டாமா என்று பிரேக்குக்குத் தோன்றியது. இந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் வெளியே வந்தார். தூக்கம் கெட்ட கண்கள். மேடம் அவரைத் தாழ்வாரத்தின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“விஷமா டாக்டர்?”

“விஷத்துக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியல. இது செப்சிஸ்தான், கிருமி ரத்தத்துல பரவினது. ஆனா இவர் உடம்பு நடந்துக்கற விதம் எனக்குப் புடிபடல. கிருமிக்குச் சரியான மருந்து போகுது. அழுத்தம் ஏத்தற மருந்து கொட்டறேன். சுவத்துல கொட்டின மாதிரி இருக்கு.”

“ஏன்?”

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். “சிறுநீரகத்துக்கு மேல தொப்பி வெச்ச மாதிரி ஒரு சின்ன சுரப்பி இருக்கு. உடம்புக்கு ஒரு ஆபத்துன்னா அது கார்டிசால்னு ஒரு ஹார்மோனக் கொட்டும். ரத்தக் குழாயத் தளர விடாம புடிக்கறது அது. கிருமிய அடிக்கறேன்னு உடம்பு தன்னையே அடிச்சுக்காம அடக்கறதும் அது. சிலருக்கு அது போதுமான அளவு சுரக்காது. சிலருக்குச் சுரக்கும், ஆனா உடம்பு அது சொல்றதக் கேக்காது. ரெண்டு வகையிலயும் ஆளு தாங்கறது கஷ்டம்.”

“அப்ப அந்த ஹார்மோன ஊசியாப் போட்டுடலாமே,” என்றான் பிரேக்கு. ஒரு கையால் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடலாம். சிலரத் தூக்கி உக்கார வைக்கும். சிலருக்கு, இருக்கற எதிர்ப்பையும் அமுக்கி ஆளையே முடிச்சுடும். யாருக்கு எதுன்னு உலகம் பூரா பெரிய பெரிய ஆளுங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. இவரு வேற வந்த அன்னைக்கே ரத்த வாந்தி எடுத்தாரு. வயித்துல புண்ணு. ஊசியப் போட்டு அது மறுபடி திறந்துக்கிட்டா, நானே கொன்ன மாதிரி.” டாக்டர் மேடத்தை நேராகப் பார்த்தார். “இவர் எந்த வகை உடம்புன்னு எனக்குத் தெரியணும். என்ன சாப்பிட்டாரு, என்ன மாத்திரை போட்டாருன்னு கேட்டா, வீட்ல எல்லாரும் ஒரே குரல்ல ‘ஒண்ணுமே இல்ல’ங்கறாங்க. ரத்தத்துல பாக்கலாம்னா முடிவு வர லேட்டாகும். அதுவரைக்கும் தாங்குவாரான்னு சந்தேகம்.”

மேடம் மிட்டாய் டப்பாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டி பழைய டிரைவிங் ஸ்கூல் கார். ஸ்கூலை மூடியபோது பிரேக்கு ஆசையாக வாங்கியது. மேடம் ஓட்ட, பிரேக்கு தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி வந்தான்.

“மேடம், ரெட் சிக்னல்.”

“தெரியும்.”

“தெரிஞ்சே போறீங்களா? மிட்டாய்ல தப்பிச்சாலும் உங்ககிட்ட தப்பிக்க முடியாது போலிருக்கே.”

மீன் மார்க்கெட்டில் காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ், காலி கூடைகள், ஓரத்தில் உருகும் ஐஸ். ஏலக்கூடத்தின் சுவரில் சங்கத்தின் வருஷாந்திர போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மேடம் அவற்றின் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை.

“நம்ம ஏலக்காரரப் பாரு. இடதுலேர்ந்து வலதுக்கு வருஷ வாரியா.”

பிரேக்கு பார்த்தான். முதல் படத்தில் ஒட்டிய கன்னம். போகப் போக முகம் உருண்டு திரண்டு, கடைசிப் படத்தில் கழுத்தே காணாமல் போயிருந்தது.

“நல்லா சாப்பிட்டிருக்காரு. மக கைப்பக்குவம்.”

“கைய பாரு.”

கை சூம்பிப்போயிருந்தது. அரைக்கைச் சட்டைக்குள்ளிருந்து இரண்டு குச்சி நீட்டிக்கொண்டிருந்தன.

“சாப்பாடு கன்னத்துக்கு மட்டும்தான் போச்சா?” என்றார் மேடம். “கழுத்துக்கு மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு. இப்படி ஒருத்தர் தானா மாறமாட்டார் பிரேக்கு.”

தராசுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பேசினால் காற்றுதான் வந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு. மார்க்கெட்டில் அவரைக் கரகரன் என்றே கூப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் அவரும் ஏலம் கூவியவராம்.

“அவன் தொண்டை தொண்டையே இல்லைங்க, வெண்கலம்,” என்றார். “இந்த ஈரக் காத்துல, ஐஸ் குளிர்ல நாங்க கத்தறோம். வருஷத்துக்கு ரெண்டு தரமாவது தொண்டை கட்டாத ஏலக்காரன் கிடையாது. அவனுக்கு மட்டும் கட்டினதே இல்ல.”

“கட்டினா டாக்டர்கிட்ட போவீங்களா?”

“போனாலும் வெளிய சொல்ல மாட்டோம். குரல் போனவன தராசுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் மணி திரும்பிக் கைக்கு வராது. நான் ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன்.” அவர் தராசைக் காட்டினார். “அதோட சரி.”

“சமீபத்துல எப்படி இருந்தாரு?”

“ஒரு மாசமா ஆளு ஆளா இல்ல. குரல் ஒடைஞ்சு ஒடைஞ்சு வந்துச்சு. நின்னு கூவறவன் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டான். எழுந்தா தள்ளாடுவான். நான் கேட்டா, ‘உன் வேலையப் பாரு’ன்னான்.”

பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்தாமலே பேச்சில் கலந்துகொண்டாள். “பாவம், நல்ல மனுஷன். தினமும் மணி அடிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வருவாரு. ‘ஐஸ்காரம்மா, ஒரு டம்ளர் தண்ணி’ம்பாரு. டப்பாலேர்ந்து ஒரு மிட்டாய எடுப்பாரு, வாயில போடுவாரு, அண்ணாந்து ஒரே மடக்கு. அப்புறம் பாருங்க, அந்தக் குரல!”

மேடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

“பிரேக்கு, காலைல மிட்டாய் சாப்பிட்டியே. தண்ணி குடிச்சியா?”

“பயத்துல ஒரு பாட்டில் குடிச்சேன்.”

“பயம் வரதுக்கு முன்னாடி?”

“மிட்டாய்க்கு எதுக்கு மேடம் தண்ணி? அது சப்பறதுக்குத்தானே…” அவன் வலது கால் நடுரோட்டில் இல்லாத பிரேக்கை மிதித்தது. “தண்ணி ஊத்தி முழுங்கினா அது மாத்திரை!”

“மிட்டாய் டப்பாவுல வெச்சு, மிட்டாய்னு சொல்லி, வருஷக்கணக்கா முழுங்கியிருக்காரு. தொண்டை கட்டாம இருக்க.”

“ஆனா என் வயித்துல இருக்கறது நிஜமான மிட்டாய் மேடம். ஏப்பம்கூட புதினா வாசனையோட வருது.”

“ரெண்டும் உண்மைதான். அதுதான் எனக்குப் புடிக்கல. முதல்ல மாத்திரை என்னன்னு கண்டுபுடிப்போம். எங்க வாங்கியிருப்பாரு?”

இதில் பிரேக்கு ஒரு நிபுணன். “நான் வீட்டுக்குத் தெரியாம சிகரெட் புடிச்ச காலத்துல, வீட்டுப் பக்கத்துக் கடைலயும் வாங்கமாட்டேன், வேலை பக்கத்துக் கடைலயும் வாங்கமாட்டேன். பஸ் மாறற இடத்துல வாங்குவேன்.”

மேடம் அன்று முதல் தடவையாக அவனை மதிப்போடு பார்த்தார்.

பஸ் மாறும் நிறுத்தத்தில் ஒரே ஒரு மெடிக்கல் ஷாப்தான் இருந்தது. கல்லாவில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர். கேள்வி கேட்டால் இந்த ஆள் வாயைத் தைத்துக்கொள்வார் என்று மேடத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சீட்டில்லாமல் மாத்திரை விற்கிறவர் துப்பறிகிறவரிடம் என்ன பேசுவார்? அதனால் மேடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டு ஆள் மாதிரி அலுத்துக்கொண்டே படி ஏறினார்.

“மீன் மார்க்கெட் ஏலக்காரருக்கு வழக்கமா குடுக்கறத குடுங்க. அவருக்கு உடம்பு முடியல, என்னை அனுப்பினாரு.”

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. காலையில் பிரேக்கின் கை டப்பாவுக்குப் போன மாதிரி, இவர் கை மூன்றாவது தட்டுக்குப் போனது. ஒரு பெட்டியை எடுத்துக் கல்லாமேல் வைத்த பிறகுதான் நெற்றி சுருங்கியது.

“போன தடவையே நிறைய வாங்கிட்டுப் போனாரே. அதுக்குள்ளயா தீந்துடுச்சு? அளவா போடச் சொல்லுங்க. தொண்டை வீக்கத்துக்குன்னு ஆரம்பிச்சு, இத்தனை வருஷமா விடவே மாட்டேங்கறாரு.”

மேடம் பெட்டியைத் திருப்பிப் பெயரைப் படித்தார். ஸ்டீராய்டு. அங்கேயே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். கடைக்காரரின் முகம் பேயறைந்தது போலானது.

பெயரைக் கேட்டதும் டாக்டரின் குரல் வேகமாக வந்தது.

“எத்தனை வருஷமா?”

“பல வருஷமாங்கறாரு கடைக்காரர். முகம் உருண்டதும் கை மெலிஞ்சதும் இதாலதானே?”

“அட கடவுளே! அந்தச் சுரப்பி கொட்ட வேண்டிய சரக்குதான் இது. வெளிலேர்ந்து தினமும் வந்துட்டிருந்தா உள்ள இருக்கறது வேலைய மறந்து தூங்கிடும். ஆபத்துன்னு உடம்பு கதவத் தட்டுது, எழுந்திருக்க ஆளில்ல. இனி யோசனையே கிடையாது. இப்பவே ஊசி போடறேன், வயித்துப் புண்ண நான் பாத்துக்கறேன்.” தொடர்பு அறுந்தது.

காரில் ஏறியதும் பிரேக்கு கைகளைத் தட்டிக்கொண்டான். “கேஸ் முடிஞ்சுது. யாரும் விஷம் வெக்கல. மாப்பிள்ளை தப்பிச்சாரு, நானும் தப்பிச்சேன்.”

மேடத்தின் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“போன தடவையே நிறைய வாங்கியிருக்காரு, மாத்திரை தீந்திருக்காது. அவரும் தினமும் முழுங்கிட்டுத்தான் இருந்தாரு, ஐஸ்காரம்மா பாத்திருக்காங்க. ஆனா டப்பாவுல இருக்கறது மிட்டாய். ஒரு மாசமா தள்ளாட்டம். யாரோ மாத்தியிருக்காங்க பிரேக்கு. யாரும் எதையும் குடுத்துக் கெடுக்கல. குடுத்துட்டிருந்தத எடுத்துட்டாங்க.”

“அப்ப மாப்பிள்ளைதான். மணிக்காக.”

“கெடுக்க நெனச்சவன் சுண்ணாம்புத் துண்ட வெச்சிருப்பான். இது அதே அளவு, அதே வெள்ளை. அந்தப் பழைய மிட்டாய் டப்பாவோட புதினா வாசனைக்கு ஒத்துப்போற வாசனை. கடை கடையா ஏறி எறங்கி, பாத்துப் பாத்து வாங்கியிருக்காங்க.” சிக்னலில் மேடம் தானாகவே வண்டியை நிறுத்தினார், இந்தத் தடவை மீறவில்லை. “பாசமா யாரோ வாங்கின மிட்டாய் இது.”

பிரேக்கு வாயில் போட்டுக்கொள்ள எதையாவது தேடினான். பையில் ஒன்றும் இல்லை.

அவர்கள் தாழ்வாரத்துக்குள் நுழைந்தபோது அங்கே கூட்டம் கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் சொன்னதைவிட முன்னாலேயே வந்துவிட்டார். தம்பிக்காரர் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். நர்ஸ் ஒருத்தி, சத்தம் போடாதீர்கள் என்று தானே சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“டாக்டரே சொல்லிட்டாரு, ஏதோ மாத்திரை விவகாரம்னு! என் அண்ணன் மாத்திரையில என்னத்தடா கலந்தே?”

“சித்தப்பா, விடுங்க அவர!” மகள் இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

மாப்பிள்ளை தலையை உயர்த்தினான். மனைவியைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னான்.

“ஆமா. நான்தான் மாத்தி வெச்சேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

தம்பிக்காரரின் கை தானாகக் காலரை விட்டது. அத்தனை நாள் குற்றம் சாட்டியவருக்கே அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் இன்ஸ்பெக்டர்,” என்றார் ஊசி மேடம். நிதானமாக மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றார். “எங்க மாத்தினீங்க?”

“அலமாரியில, மாமாவோட துணிக்குப் பின்னாடி. வெள்ளை மூடி போட்ட பாட்டில். அதுலேர்ந்துதான் டப்பாவுல போட்டுப்பாரு.”

பாட்டில் என்றதும் மகள் விறைத்ததை பிரேக்கு பார்த்தான். அப்படி ஒரு பாட்டில் இருப்பதை அதுவரை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

“சரி. எடுத்துட்டு எதை வெச்சீங்க?”

“விஷம்.”

“என்ன விஷம்?”

“பேரு தெரியாது. வெள்ளையா இருக்கும்.”

“எங்க வாங்கினீங்க?”

மாப்பிள்ளை கசங்கிய காலரைச் சரிசெய்துகொண்டான். மேடம் பிரேக்கைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

“சார்,” என்றான் பிரேக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு. “நீங்க வெச்ச விஷத்துல ஒண்ண காலைல நான் சாப்பிட்டேன். புதினா வாசனை. இனிப்பு கொஞ்சம் தூக்கல். நல்லாவே ஜீரணமாயிடுச்சு.”

“டப்பாவுல இருந்தது மிட்டாய்,” என்றார் மேடம். “வெறும் மிட்டாய்.”

“மிட்டாயா?”

அந்தக் கேள்வியை அவன் மேடத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அப்படியே திரும்பித் தன் மனைவியைப் பார்த்துக் கேட்டான். நெஞ்சில் இருந்த பாராங்கல் சட்டென்று இறங்கியவன் முகம் அது. ‘என்ன காரியம் செய்துவிட்டோம்’ என்ற திகிலும் அடுத்த நொடியே அதே முகத்தில் ஏறியது. இன்ஸ்பெக்டருக்குக்கூட விளங்கிவிட்டது.

மகள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான்தான் மாத்தினேன்,” என்றாள். “அப்பா ராத்திரி பூரா தூங்க மாட்டாரு. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவாரு. ஒரு நாள் தட்டத் தூக்கி என்மேலயே அடிச்சாரு. எங்கப்பா என்னை அடிச்சதே இல்ல. அப்புறம்தான் துணி மடிக்கும்போது அந்த பாட்டிலப் பாத்தேன், பேரே இல்லாம. என்னப்பா இதுன்னா, ‘மிட்டாய்டி’ன்னாரு. போதை மாத்திரைன்னு நெனச்சுட்டேன். வெளிய தெரிஞ்சா மணியப் புடுங்கிடுவாங்க. இவர்கிட்ட சொன்னா மார்க்கெட்டுக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயம். அதான் மிட்டாய்னு சொன்னவருக்கு மிட்டாயே வெச்சேன். தூங்க ஆரம்பிச்சாரு. கோவம் போச்சு. நான்… நான் சந்தோஷப்பட்டேன் மேடம். டாக்டர் கேட்டப்பகூட, அதான் நிறுத்தியாச்சே, எதுக்கு அப்பா மானத்த வாங்கணும்னு…”

தம்பிக்காரர் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்த பிரேக்குக்கு, இப்போது அவர்மேலும் இரக்கமாக இருந்தது. தெரியாமல் செய்ததற்குக் கையில் விலங்கு மாட்டும் வழக்கம் தன்னிடம் இல்லை என்று முணுமுணுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டர்.

“ஏறுது,” என்றார். “இன்னும் தாண்டிட்டார்னு சொல்ல மாட்டேன். ஆனா ஊசி போட்டதுலேர்ந்து உடம்பு மருந்துக்குக் காது குடுக்குது. அழுத்தம் மெதுவா ஏறுது, வயித்துலயும் ரத்தம் இல்ல. இது மட்டும் நேத்தே தெரிஞ்சிருந்தா…” முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

தம்பிக்காரர் விம்மினார். மாப்பிள்ளை மனைவியின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவள் தோளைத் தொடப் போனான்.

“நான் மாத்தினத நீங்க பாத்தீங்க,” என்றாள் அவள், திரும்பாமலே.

“சமையல்கட்டுல பாட்டிலக் கொட்டிட்டு வேற எதையோ போட்டே. கதவுக்கிட்ட நின்னேன்.”

“அப்பவே கேக்கல.”

“அப்ப ஒண்ணும் தோணல. மாமா விழுந்து, சித்தப்பா விஷம்னு கத்தினப்பதான்… வாயத் திறந்தா உன்னைக் காட்டிக் குடுக்கற மாதிரி ஆயிடும். போறதுன்னா நானே போறேன்னு இருந்துட்டேன்.”

ஊரில் எந்தப் புருஷன் இதைச் செய்வான் என்று நெகிழ்ந்துபோனான் பிரேக்கு. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுத்தான். ஆனால் மகளின் முகம் நெகிழவில்லை.

“என்னைப் பெத்த அப்பனுக்கு நான் விஷம் வெச்சேன்னு நெனச்சீங்க. இத்தனை நாளா. அந்த நெனப்போட என் கையால வாங்கிச் சாப்பிட்டீங்க.”

“சாப்பிட்டேனே,” என்றான் அவன். அவன் பங்குக்குச் சொல்ல அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது.

“‘என்னடி பண்றே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் காப்பாத்தறேன்னு எங்கப்பாவ சாக விட்டுட்டிருந்தீங்க.”

அவன் தலை கவிழ்ந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. அவன் செய்ததிலும் கெட்ட எண்ணம் கிடையாது. அவளுடைய மிட்டாயும் அப்படித்தான். ஊசி மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “கண்ண முழிச்சிருக்காரு. வீட்டாள் ஒருத்தர் வரலாம். ஒருத்தர்தான்.”

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வழக்கமாக எங்கே போனாலும் அவன் முன்னால் போவான், அவள் பின்னால் வருவாள். அவன் அதே பழக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டான்.

“நீங்க இருங்க,” என்றாள் அவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தனியாக உள்ளே போனாள்.